பவர் ஸ்டீயரிங் டைட்டாகுது, கூவுது, ஒழுகுது: பழைய கார் வைத்திருப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

பத்துப் பதினைந்து வருடம் ஓடிய அக்சென்ட், ஐகான், இண்டிகா, ஸ்கார்ப்பியோ, முதல் தலைமுறை இன்னோவா போன்ற வண்டிகளில் பவர் ஸ்டீயரிங் தகராறு செய்தால், பல பட்டறைகளில் கிடைக்கும் முதல் பதில் "ரேக் போயிடுச்சு சார், மாத்தணும்" என்பதுதான். ஸ்டீயரிங்கின் சுழற்சியைப் பக்கவாட்டு அசைவாக்கி முன் சக்கரங்களைத் திருப்பும் பகுதிதான் ரேக். அது உண்மையிலேயே போயிருக்கலாம். ஆனால் டயர் காற்றிலிருந்து ஒரு சின்ன ஓ-ரிங் (ரப்பர் வளையம்) வரை அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. கோளாறு எந்த இடத்தில் என்று கண்ணால் பார்க்காமல் எந்தப் பொருளையும் மாற்ற ஒப்புக்கொள்ளாதீர்கள். கீழே உள்ள பதில்கள் எல்லாம் அதற்கு உதவத்தான்.

என் காரில் இருப்பது ஹைட்ராலிக்கா, எலக்ட்ரிக்கா? எப்படித் தெரிந்துகொள்வது?

பானெட்டைத் திறந்து பாருங்கள். ஸ்டீயரிங் படம் போட்ட மூடியோடு ஒரு சின்ன ஆயில் டப்பா இருந்தால் ஹைட்ராலிக். அப்படி ஒன்றுமே இல்லாமல், சாவியைத் திருப்பியதும் மீட்டரில் ஸ்டீயரிங் படத்தோடு ஒரு விளக்கு எரிந்து, இன்ஜின் ஸ்டார்ட் ஆனதும் அணைந்தால் எலக்ட்ரிக். மேலே சொன்ன வண்டிகள் ஹைட்ராலிக். 2005-ல் வந்த ஸ்விஃப்ட், அதன் பிறகு வந்த ஐ10 போன்றவை எலக்ட்ரிக். இங்கே பெரும்பகுதி ஹைட்ராலிக் பற்றித்தான். எலக்ட்ரிக்குக்குத் தனியாக ஒரு கேள்வி பின்னால் இருக்கிறது.

ஹைட்ராலிக் எப்படி வேலை செய்கிறது?

இதைப் புரிந்துகொண்டால் பாதி கோளாறை நீங்களே சொல்லிவிடலாம். இன்ஜினில் ஓடும் பெல்ட் ஒரு பம்பைச் சுற்றுகிறது. பம்புக்குள் ஒரு ரோட்டரும், அதன் வெட்டுகளில் உள்ளேயும் வெளியேயும் நகரும் மெல்லிய தகடுகளும் இருக்கின்றன. அவை டப்பாவிலிருந்து ஆயிலை உறிஞ்சி, பிரஷர் ஹோஸ் வழியாக ரேக்குக்குத் தள்ளுகின்றன. நீங்கள் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது, ரேக்கின் தலைப்பகுதியில் இருக்கும் டார்ஷன் பார் என்ற மெல்லிய கம்பி லேசாக முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கு ஒரு வால்வைத் திறந்து, எந்தப் பக்கம் திருப்புகிறீர்களோ அந்தப் பக்கத்துக்கு ஆயிலை அனுப்பும். ரேக்குக்குள் இருக்கும் பிஸ்டனை ஆயில் தள்ளுவதால் உங்கள் கைக்குப் பாரம் தெரிவதில்லை. வேலை முடிந்த ஆயில் ரிட்டர்ன் ஹோஸ் வழியாக டப்பாவுக்குத் திரும்பிவிடும்.

ஃபுல் லாக்கில், அதாவது ஒரு பக்கம் கடைசி வரை திருப்பிய நிலையில், ஸ்டீயரிங்கைப் பிடித்து வைத்தால் ஆயிலுக்குப் போக வழி இருக்காது. பம்பில் உள்ள ரிலீஃப் வால்வு திறந்து, அதே ஆயில் பம்புக்குள்ளேயே சுற்றிச் சூடேறும். ஐந்து விநாடிக்கு மேல் ஃபுல் லாக்கில் பிடிக்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான். நெருக்கடியான சந்தில் ரிவர்ஸ் எடுக்கும்போது கடைசி வரை திருப்பிவிட்டு ஒரு துளி பின்னால் விடுங்கள். பம்பின் ஆயுள் கூடும்.

1951-ல் அமெரிக்காவில் கிரைஸ்லர் இம்பீரியல் கார் பவர் ஸ்டீயரிங்கோடு விற்பனைக்கு வந்தது. ஆயில் அழுத்தத்தைக் கொண்டு கையின் பாரத்தைக் குறைப்பது என்ற அடிப்படை அன்றிலிருந்து மாறவே இல்லை. அதனால் இந்தச் சோதனைகள் பெரும்பாலும் எந்தப் பழைய வண்டிக்கும் பொருந்தும்.

ஸ்டீயரிங் டைட்டாகிவிட்டது. முதலில் எதைப் பார்ப்பது?

டயர் காற்று. சிரிப்பாகத் தோன்றினாலும் அங்கேதான் தொடங்க வேண்டும். 30, 32 பி.எஸ்.ஐ. இருக்க வேண்டிய முன் டயரில் 20 இருந்தால் எந்தப் பவர் ஸ்டீயரிங்கும் டைட்டாகத்தான் இருக்கும். அடுத்து டப்பாவில் ஆயில் அளவு. பிறகு பெல்ட் இருக்கிறதா, தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இந்த மூன்றும் சரியாக இருந்தால், கோளாறு ஆயில் பக்கமா, இரும்புப் பக்கமா என்று பிரிக்க வேண்டும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கம் இரண்டு சக்கரத்தையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் கையையோ தலையையோ விடவே கூடாது. இன்ஜினை ஆஃப் செய்துவிட்டு, லாக் விழாமல் இருக்கச் சாவியை மட்டும் திருப்பி வைத்து, ஸ்டீயரிங்கை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாகத் திருப்புங்கள். உள்ளே ஆயிலைத் தள்ள வேண்டியிருப்பதால் கொஞ்சம் பாரம் இருக்கும். ஆனால் அந்தப் பாரம் முழுக்க ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

ஒரு சுற்றுக்கு இரண்டு முறை டைட்டாகி, இரண்டு முறை லேசானால், ஸ்டீயரிங் காலமுக்கும் (ஸ்டீயரிங் சக்கரத்திலிருந்து கீழே இறங்கும் தண்டு) ரேக்குக்கும் நடுவில் உள்ள யூ-ஜாயின்ட் துருப்பிடித்து இறுகியிருக்கிறது. கால் மிதிக்கும் இடத்தில் தரையைத் துளைத்துக்கொண்டு வெளியே போகும் ஜாயின்ட் அது. மழைத்தண்ணீரும் சேறும் அதில்தான் அடிக்கும். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி டைட்டாக இருந்தால், ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்டுகளை நக்கிளிலிருந்து (சக்கரம் மாட்டியிருக்கும் இரும்பு) கழற்றிவிட்டு மறுபடி திருப்பிப் பாருங்கள். இப்போது லேசாகிவிட்டால் குற்றம் ரேக்கில் இல்லை. பால் ஜாயின்ட்டோ ஸ்ட்ரட்டின் மேல் பேரிங்கோ பிடித்திருக்கிறது. கழற்றிய பிறகும் டைட்டாகவே இருந்தால் ரேக்கையோ ஸ்டீயரிங் காலமையோ சந்தேகப்படலாம்.

இன்ஜின் ஆஃபில் இரும்புப் பக்கம் எல்லாம் லேசாக ஓடி, இன்ஜின் ஓடும்போது மட்டும் உதவி கிடைக்கவில்லை என்றால் பம்ப், ஹோஸ், வால்வு என்று ஆயில் பக்கம் போக வேண்டும்.

திருப்பும்போது பசு கத்துவது போல ஒரு கூவல். பம்ப் போய்விட்டதா?

உடனே அப்படி முடிவு செய்யாதீர்கள். ஆயிலில் காற்று கலந்தாலும் இதே சத்தம்தான் வரும். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது டப்பாவின் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். ஆயில் தெளிவாக இருந்தால் காற்று இல்லை. சோப்பு நுரை போல வெளுத்து, மேலே குமிழிகள் மிதந்தால் எங்கிருந்தோ காற்று இழுக்கிறது. இன்னொரு அடையாளம்: இன்ஜினை நிறுத்திய உடனே டப்பாவில் ஆயில் மட்டம் குபுக்கென்று ஏறினாலும் உள்ளே காற்று இருக்கிறது.

காற்று நுழையும் இடம் பெரும்பாலும் டப்பாவுக்கும் பம்புக்கும் நடுவில்தான். அது உறிஞ்சும் பக்கம். அங்கே அழுத்தம் இல்லாததால் ஓட்டை இருந்தாலும் வண்டி ஓடும்போது ஆயில் வெளியே வராமல் காற்று உள்ளே போகும். அதனால்தான் "ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை, ஆனால் கூவுகிறது" என்று பலர் குழம்புகிறார்கள்.

ஒரு பழைய செடான் இந்தச் சத்தத்தோடு எங்கள் பக்கம் வந்தது. வேறொரு இடத்தில் அதற்கு ஏற்கெனவே பம்ப் மாற்றியிருந்தார்கள், சத்தம் போகவில்லை. பம்பில் உறிஞ்சும் குழாய் உட்காரும் இடத்தில் இரண்டு போல்ட்டைக் கழற்றி எடுத்தபோது உள்ளே இருந்த ஓ-ரிங், உருண்டை வடிவம் போய், நான்கு பக்கமும் தட்டையாகி, நகத்தால் அழுத்தினால் குழியே விழாத அளவுக்கு இறுகிக் கிடந்தது. பம்பைப் புதிதாகப் போட்டவர் பழைய ஓ-ரிங்கையே திரும்ப வைத்திருந்தார். அதே அளவில் ஆயில் தாங்கும் ஓ-ரிங் ஒன்றைப் போட்டு, ஏர் (ஆயிலில் சிக்கிய காற்று) எடுத்ததும் சத்தம் நின்றது. அந்த ஓ-ரிங்கின் விலை, மாற்றிய பம்பின் விலையில் ஒரு தூசிதான்.

ஓ-ரிங் சரியாக இருந்தால் உறிஞ்சும் ஹோஸில் உள்ள கிளாம்புகள், ஹோஸின் நுனியில் வெடிப்பு, டப்பாவுக்குள் இருக்கும் சல்லடை ஆகியவற்றைப் பாருங்கள். சல்லடையில் அழுக்கு அடைத்தால் பம்பு ஆயில் கிடைக்காமல் கூவும். பல வண்டிகளில் சல்லடையைத் தனியாக எடுக்க முடியாது, டப்பாவையே மாற்ற வேண்டியிருக்கும். இத்தனைக்கும் பிறகும் தெளிவான ஆயிலோடு கூவினால்தான் பம்பின் உள்பாகங்கள் தேய்ந்துவிட்டன என்று எடுத்துக்கொள்ளலாம்.

காலையில் ஸ்டார்ட் செய்து திருப்பினால் 'கீச்' என்று சத்தம் வருகிறது.

அது பெல்ட் வழுக்கும் சத்தம். கூவல் வேறு, கீச் வேறு. பெல்ட் பழசாகிப் பளபளவென்று மின்னினாலோ, உள்பக்கம் வெடித்திருந்தாலோ மாற்றிவிடுங்கள். தனி பெல்ட் உள்ள வண்டிகளில் இரண்டு புல்லிக்கு நடுவில் கட்டைவிரலால் நன்றாக அழுத்தினால் சுமார் ஒரு சென்டிமீட்டர் இறங்க வேண்டும். அதற்கு மேல் தளர்ந்திருந்தால் பம்பின் போல்ட்டைத் தளர்த்தி நகர்த்தி இறுக்கலாம். அளவுக்கு மீறி இறுக்கினால் பம்பின் பேரிங் போய்விடும். பெல்ட்டில் ஆயில் பட்டிருந்தால் துடைத்துப் பயனில்லை, ஒழுகலை நிறுத்திவிட்டுப் புதுப் பெல்ட் போடுங்கள்.

வண்டி நிற்கும்போது டைட்டாக இருக்கிறது, ரேஸ் கொடுத்தால் லேசாகிவிடுகிறது.

மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும். பெல்ட் வழுக்குகிறது, பம்ப் தேய்ந்து குறைந்த வேகத்தில் அழுத்தம் தர முடியவில்லை, அல்லது இன்ஜினின் ஐடிலிங்கே குறைவாக இருக்கிறது. ஐடிலிங்கை முதலில் சரிபாருங்கள். பல வண்டிகளில் பிரஷர் லைனில் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். நீங்கள் திருப்பும்போது அது இ.சி.யு.வுக்கு (இன்ஜினின் கணினி) தகவல் கொடுத்து ஐடிலிங்கைக் கொஞ்சம் ஏற்றும். அந்த ஸ்விட்ச் அல்லது ஒயர் கெட்டால் பார்க்கிங்கில் திருப்பும்போது இன்ஜின் திணறும், சிலசமயம் நின்றேவிடும். பம்பைக் குறை சொல்லும் முன் அந்தக் கனெக்டரைக் கழற்றிப் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள்.

வலப்பக்கம் திருப்பினால் லேசு, இடப்பக்கம் டைட். ஏன்?

பம்ப் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றுதான். ஆகவே ஒரு பக்கம் மட்டும் டைட் என்றால் பம்பைத் தொடவே வேண்டாம். ரேக்கின் வால்வோ, ஆயிலை அடைத்து நிறுத்தும் உள் சீலோ ஒரு பக்கம் அழுத்தத்தை விடுகிறது. முன் சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி, ஸ்டீயரிங்கை நேராக வைத்துக் கையை எடுத்துவிட்டு இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். ஸ்டீயரிங் தானாகவே ஒரு பக்கம் திரும்பினால் வால்வு சமநிலையில் இல்லை என்பது உறுதி. அப்படி இருந்தால் ரோட்டில் ஓட்டாமல் ரேக்கைச் சரிசெய்யுங்கள்.

வண்டி ஓடும்போது மட்டும் ஒரு பக்கம் இழுக்கிறது, தூக்கி வைத்தால் ஒன்றும் இல்லை என்றால் அது டயர், அலைன்மென்ட் அல்லது ஒரு பக்கம் பிடித்திருக்கும் பிரேக். முன் டயர்களை இடம் மாற்றிப் போட்டு, இழுவை பக்கம் மாறுகிறதா என்று பாருங்கள்.

பம்பா, ரேக்கா என்று சந்தேகமில்லாமல் சொல்ல வழி உண்டா?

உண்டு, பிரஷர் கேஜ். பம்புக்கும் பிரஷர் ஹோஸுக்கும் நடுவில் வால்வோடு கூடிய கேஜ் ஒன்றை மாட்டி, இன்ஜின் ஓடும்போது வால்வை மூடினால் பம்பின் முழு அழுத்தம் தெரியும். கார்களில் அது பொதுவாக 70 முதல் 100 பார் வரை இருக்கும். உங்கள் வண்டியின் அளவு சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். ஐந்து விநாடிக்கு மேல் மூடி வைக்கக் கூடாது. அழுத்தம் வரவில்லை என்றால் பம்ப். அழுத்தம் வந்தால், வால்வைத் திறந்துவிட்டு ஸ்டீயரிங்கை ஃபுல் லாக்கில் பிடித்துப் பாருங்கள். அப்போது முன்பு வந்ததைவிடக் குறைவாக இருந்தால், ரேக்குக்குள்ளே சீல் வழியாக ஆயில் தப்பிக்கிறது.

இந்தக் கேஜ் எல்லாப் பட்டறையிலும் இருக்காது. ஸ்டீயரிங் வேலை மட்டுமே பார்க்கும் இடங்களில் கேட்டுப் பாருங்கள். ரேக் மாற்றச் சொல்பவரிடம் "கேஜ் போட்டுப் பார்த்தீங்களா அண்ணே?" என்று ஒரு கேள்வி கேட்பதில் தவறே இல்லை.

ஸ்டீயரிங் திருப்பிவிட்டால் தானாக நேராக வருவதில்லை.

யூ-ஜாயின்ட், பால் ஜாயின்ட், ஸ்ட்ரட் பேரிங் இறுகியிருக்கலாம். அலைன்மென்ட்டில் காஸ்டர் (முன் சக்கரம் திரும்பும் அச்சின் முன்-பின் சாய்வு) கோணம் தப்பியிருக்கலாம். அண்மையில் ரேக் வேலை பார்த்த வண்டி என்றால் இன்னொரு காரணம்: ரேக்கின் அடியில் இருக்கும் அட்ஜஸ்ட் நட்டை, 'கடகட' சத்தம் போகட்டும் என்று அதிகமாக இறுக்கியிருப்பார்கள். அந்த நட்டுக்கென்று அளவு உண்டு. கண்டபடி இறுக்கினால் நடுவில் சரியாக இருக்கும், திருப்பும்போது பிடிக்கும். அது ஓட்டுவதற்கு ஆபத்து.

ஆயில் குறைந்துகொண்டே போகிறது, கீழே ஒரு சொட்டுகூட இல்லை. எங்கே போகிறது?

ரேக்கின் இரண்டு முனையிலும் மடிப்பு மடிப்பாக ரப்பர் பூட் இருக்கும். அதைக் கையால் பிழிந்து பாருங்கள். உள்ளே தளும்பினால், ரேக்கின் முனை சீல் போய், ஆயில் பூட்டுக்குள் தேங்குகிறது. உள் கிளாம்பைத் தளர்த்தி ஒரு பக்கம் தூக்கினால் ஆயில் வழியும். சும்மா ஈரப்பதமாக இருப்பதும், ஆயில் தேங்குவதும் வேறு. தேங்கினால்தான் சீல் போயிருக்கிறது.

பழைய டொயோட்டா பெட்ரோல் வண்டிகள் சிலவற்றில் இன்னொரு வழியும் உண்டு. ஐடிலிங்கை ஏற்ற, பம்பில் ஒரு காற்று வால்வு வைத்து அதிலிருந்து மெல்லிய ஹோஸை இன்ஜினின் இன்டேக்குக்குக் கொடுத்திருப்பார்கள். வால்வு உள்ளே கிழிந்தால் ஸ்டீயரிங் ஆயிலை இன்ஜினே இழுத்துக் குடித்துவிடும். சைலன்சரில் புகை வரும். இன்ஜினுக்கு ரிங் வேலை என்று சொல்வதற்கு முன் அந்த ஹோஸைக் கழற்றி உள்ளே ஆயில் இருக்கிறதா பாருங்கள்.

கீழே சொட்டினால், இரவு முழுக்க ஒரு அட்டையை வண்டிக்கு அடியில் போட்டு வையுங்கள். சொட்டு விழுந்த இடமும் நிறமும் எது ஒழுகுகிறது என்று சொல்லும். இன்ஜின் ஆயில் கறுப்பு. பல வண்டிகளின் ஸ்டீயரிங் ஆயில் புதிதாக இருக்கும்போது சிவப்பு, பழசானால் பழுப்பு. ஒன்று முக்கியம்: இன்ஜின் ஓடும்போது பிரஷர் ஹோஸில் ஒழுகலைத் தேட விரலால் தடவாதீர்கள். ஊசி போன்ற ஓட்டையிலிருந்து பீறிடும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அது பெரிய ஆபத்து, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய காயம். அட்டையை நீட்டிப் பாருங்கள்.

எந்த ஆயில் ஊற்றுவது? கடையில் 'பவர் ஸ்டீயரிங் ஆயில்' என்று பொதுவாகக் கொடுக்கிறார்கள்.

டப்பாவின் மூடியில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். முதல் தலைமுறை இன்னோவா டெக்ஸ்ரான் 2 அல்லது 3 வகை ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) ஆயில் கேட்கும். பழைய ஹூண்டாய் வண்டிகள் பல பி.எஸ்.எஃப்-3 கேட்கும். பழைய ஹோண்டாவுக்கு அந்த நிறுவனமே தனியாக ஆயில் கொடுக்கிறது, அதில் ஏ.டி.எஃப். ஊற்றக் கூடாது. பழைய ஆக்டேவியா போன்ற ஐரோப்பிய வண்டிகளுக்குப் பச்சை நிற ஆயில். சிவப்பையும் பச்சையையும் கலக்காதீர்கள். நிறம் மட்டும் பார்த்து முடிவு செய்யவும் வேண்டாம், வெவ்வேறு தரமுள்ள ஆயில்கள் ஒரே நிறத்தில் வருகின்றன. மூடி உடைந்து எழுத்து தெரியவில்லை என்றால் வண்டியோடு வந்த புத்தகத்தில் பாருங்கள்.

தவறுதலாக பிரேக் ஆயிலை ஸ்டீயரிங் டப்பாவில் ஊற்றிவிட்டேன்!

இன்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஸ்டீயரிங்கைத் திருப்பவும் வேண்டாம். டப்பாவில் உள்ளதை சிரிஞ்சால் முழுக்க உறிஞ்சி, டப்பாவைக் கழற்றிக் கழுவி, ஹோஸ்களைக் காலி செய்துவிட்டுப் புதிய ஆயில் ஊற்றினால் தப்பிக்கலாம். ஸ்டார்ட் செய்து ஓட்டியாகிவிட்டது என்றால் முழு சிஸ்டத்தையும் திரும்பத் திரும்ப ஃப்ளஷ் செய்ய (புது ஆயில் விட்டுப் பழையதை வெளியேற்ற) வேண்டும். பிரேக் ஆயில் இந்த சீல்களுக்கு ஏற்றதல்ல, ஊறி உப்பிவிடும். சில வாரங்களில் ஒவ்வொன்றாக ஒழுக ஆரம்பிக்கும்.

மாறாக, ஸ்டீயரிங் ஆயிலை பிரேக் டப்பாவில் ஊற்றியிருந்தால் வண்டியை நகர்த்தவே கூடாது. பிரேக்கின் ரப்பர்கள் எல்லாம் கெட்டுவிடும். டோ செய்துதான் கொண்டு போக வேண்டும்.

ஆயிலை மாற்ற வேண்டுமா? வீட்டில் செய்ய முடியுமா?

பல புத்தகங்களில் இதற்கு இடைவெளியே சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் கறுத்து, தீய்ந்த வாடை அடிக்கும் ஆயிலில் உலோகத் துகளும் ரப்பர் துணுக்கும் கலந்திருக்கும். அது பம்பையும் வால்வையும் அரித்துக்கொண்டே இருக்கும். பழைய வண்டியை வாங்கியதும் ஒரு முறை மாற்றிவிடுங்கள் என்பது என் உறுதியான கருத்து.

எளிய வழி: ஒரு பெரிய சிரிஞ்சால் டப்பாவில் உள்ளதை உறிஞ்சிவிட்டுப் புது ஆயில் ஊற்றுங்கள். ஒரு வாரம் ஓட்டிவிட்டு மறுபடி அதையே செய்யுங்கள். நான்கைந்து முறைக்குப் பிறகு ஆயில் தெளிந்துவிடும். பொறுமை வேண்டும், ஆனால் எதுவும் தப்பாகப் போகாது.

முழு ஃப்ளஷ் செய்வதென்றால் முன் சக்கரங்களைத் தூக்கி, ரிட்டர்ன் ஹோஸைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டு, டப்பாவில் அது மாட்டும் மூக்கை அடைத்துவிடுங்கள். இன்ஜின் ஆஃபில் ஒருவர் ஸ்டீயரிங்கை மெதுவாக இரு பக்கமும் திருப்ப, இன்னொருவர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பல கார்களில் மொத்த ஆயில் ஒரு லிட்டருக்குள்தான்; ஃப்ளஷ் செய்ய இரண்டு லிட்டர் கையில் வைத்துக்கொள்ளுங்கள். டப்பா காலியாகி பம்ப் வறண்டு ஓடவே கூடாது.

ஏர் எடுப்பது எப்படி?

சக்கரங்கள் தூக்கிய நிலையில், இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமலே முனைக்கு முனை மெதுவாகப் பத்துப் பதினைந்து முறை திருப்புங்கள். மட்டம் இறங்க இறங்க ஊற்றுங்கள். குமிழி வருவது நின்ற பிறகு இன்ஜினை ஐடிலிங்கில் ஓடவிட்டு மறுபடி மெதுவாகத் திருப்புங்கள், முனைகளில் பிடித்து வைக்காதீர்கள். நுரை அடித்தால் இன்ஜினை நிறுத்தி, அரை மணி நேரம் அப்படியே விட்டுவிடுங்கள். நுரை தானே அடங்கும். ஸ்டார்ட் செய்த உடனே வேகமாகத் திருப்பினால் காற்று ஆயிலோடு அடித்துக் கலந்துவிடும், பிறகு எடுப்பது பெரும்பாடு.

பிரஷர் ஹோஸ் ஒழுகுகிறது. கிளாம்ப் போட்டு இறுக்கலாமா?

கூடாது. அந்த அழுத்தத்தில் எந்தக் கிளாம்பும் நிற்காது. பீறிடும் ஆயில் சூடான எக்ஸாஸ்ட் மேல் பட்டால் தீப்பிடிக்கும். கம்பெனி ஹோஸ் கிடைக்காவிட்டால், ஜே.சி.பி.க்கும் டிராக்டருக்கும் ஹைட்ராலிக் ஹோஸ் கிரிம்ப் செய்யும் கடைகள் இப்போது பல ஊர்களில் இருக்கின்றன. பழைய ஹோஸின் இரண்டு முனை இரும்பையும் கொண்டு போனால் நடுவில் புது ஹோஸ் போட்டு கிரிம்ப் செய்து தருவார்கள். ஸ்டீயரிங் ஆயிலையும் அதன் சூட்டையும் தாங்கும் ஹோஸ்தானா என்று கேட்டு வாங்குங்கள்.

ரிட்டர்ன் ஹோஸ் வேறு விஷயம். அங்கே அழுத்தம் குறைவு, ஆயில் தாங்கும் ஹோஸும் நல்ல கிளாம்பும் போதும். ரேடியேட்டர் ஹோஸை வெட்டிப் போடாதீர்கள். தண்ணீருக்கான ரப்பர் ஆயிலில் ஊறி உப்பிவிடும்.

ஸ்டாப் லீக் ஊற்றினால் போதுமா?

அது சீலை ஊற வைத்துக் கொஞ்சம் உப்பச் செய்யும் மருந்து. லேசாக வியர்க்கும் சீலுக்குச் சில மாதம் ஓடலாம். கிழிந்த சீலுக்கும், வெடித்த ஹோஸுக்கும், குழி விழுந்த ஷாஃப்ட்டுக்கும் ஒன்றும் செய்யாது. நான் பரிந்துரைப்பதில்லை.

ரேக் உண்மையிலேயே போய்விட்டது. ரிப்பேர் செய்யலாமா, பழசு வாங்கலாமா, புதிதா?

முடிவைச் சொல்வது ரேக்கின் ஷாஃப்ட்டுதான். ரேக்கைப் பிரித்ததும் அந்த இரும்பு ஷாஃப்ட்டை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து வெளிச்சத்தில் காட்டச் சொல்லுங்கள். கண்ணாடி போல மின்ன வேண்டும். சீல் ஓடும் இடத்தில் நகத்தை வைத்து நீளவாக்கில் இழுங்கள். நகம் எங்காவது மாட்டினால் அங்கே குழி இருக்கிறது. பூட் கிழிந்து தண்ணீர் போன ரேக்குகளில் மிளகு தூவியது போலப் புள்ளி புள்ளியாகத் துரு தெரியும். அந்த ஷாஃப்ட்டுக்கு எத்தனை நல்ல சீல் கிட் போட்டாலும், ஒவ்வொரு முறை ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதும் அந்தக் குழி புது சீலை அறுத்துக்கொண்டே இருக்கும். மூன்று மாதத்தில் மறுபடி ஒழுகும். "எமரி பேப்பர் போட்டுத் தேய்ச்சுட்டோம் சார்" என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஷாஃப்ட் சுத்தமாக இருந்தால் சீல் கிட், புஷ், புதுப் பூட் போட்டு ரீகண்டிஷன் செய்வது நல்ல முடிவு. ஒழுகலுக்கு எழுதிக் கொடுத்த வாரன்டி கேளுங்கள். பழைய ரேக் தேடிச் சென்னைக்காரர்கள் புதுப்பேட்டைக்குப் போவார்கள். அங்கே வாங்கினால் பூட்டைக் கழற்றி, மேலே சொன்ன நகச் சோதனையைக் கடையிலேயே செய்துவிடுங்கள். முனைக்கு முனை நகர்த்திப் பார்த்து, நடுவில் லொடலொடப்பு இல்லாததைத்தான் எடுக்க வேண்டும். அதிகம் தேய்வது நடுப்பகுதிதான், ஏனென்றால் வண்டி நேராகத்தான் அதிகம் ஓடுகிறது. புது ரேக் கிடைக்கும் வண்டி என்றால், இன்னும் பல வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால், புதிதையே போடுங்கள்.

பம்ப் உள்ளுக்குள் துகளாக உதிர்ந்த வண்டியில் ரேக்கை மட்டும் மாற்றுவதும், ஃப்ளஷ் செய்யாமல் மாற்றுவதும் வீண். பழைய துகள் புது வால்வுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ரேக் மாற்றும்போது எதைக் கவனிக்கச் சொல்ல வேண்டும்?

கழற்றும் முன் ஸ்டீயரிங்கை நேராக வைத்து சீட் பெல்ட்டால் கட்டிவிட வேண்டும். ஏர்பேக் உள்ள வண்டியில் ரேக் இல்லாதபோது ஸ்டீயரிங் சும்மா சுற்றினால், உள்ளே சுருண்டிருக்கும் கிளாக் ஸ்பிரிங் அறுந்துவிடும். யூ-ஜாயின்ட்டும் பினியனும் சேரும் இடத்தில் பெயின்ட்டால் அடையாளம் போட வேண்டும். டை ராட் எண்டைக் கழற்றும்போது எத்தனை மரை என்று எண்ணி, அதே அளவுக்கு மாட்டினால் அலைன்மென்ட் சென்டர் வரையாவது வண்டி ஒழுங்காகப் போகும். பூட்டின் உள் கிளாம்புக்குப் பதிலாகக் கட்டுக்கம்பி சுற்றிவிடும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அந்தக் கம்பி பூட்டை அறுத்து, தண்ணீருக்கு வழி விடும். முறையான கிளாம்பே போடச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் அலைன்மென்ட் கட்டாயம்.

எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங் திடீரென டைட்டாகி, விளக்கு எரிகிறது. அணைத்துப் போட்டால் சரியாகிவிடுகிறது.

எலக்ட்ரிக்கை 1988-ல் சுசூகி ஜப்பானில் செர்வோ காரில் கொண்டுவந்தது. ஆயில் கிடையாது, ஸ்டீயரிங் காலமில் ஒரு மோட்டார், உங்கள் கை எவ்வளவு முறுக்குகிறது என்று அளக்கும் டார்க் சென்சார், ஒரு கன்ட்ரோல் யூனிட். மோட்டார் நிறைய ஆம்பியர் இழுக்கும். அதனால் முதல் சந்தேகம் எப்போதும் பேட்டரி, ஆல்டர்னேட்டர், எர்த் ஒயர் மேல்தான். இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில் மல்டிமீட்டர் வைத்தால் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். பிறகு ஸ்டீயரிங்கை நின்ற இடத்திலேயே திருப்பிப் பாருங்கள். வோல்ட் 12-க்குக் கீழே சரிந்தால் மின்சாரப் பக்கத்தைச் சரிசெய்யுங்கள். எர்த் போல்ட்டைக் கழற்றித் துரு நீக்கி மாட்டியதும் சரியான வண்டிகள் உண்டு.

பார்க்கிங்கில் தொடர்ந்து திருப்பிக்கொண்டே இருந்தால் மோட்டார் சூடாகி, யூனிட் தானாகவே உதவியைக் குறைக்கும். ஆறியதும் திரும்ப வரும். அது பாதுகாப்பு ஏற்பாடு. ஆனால் சாதாரண ஓட்டத்தில் அடிக்கடி விளக்கு எரிந்தால் ஸ்கேனர் போட்டு கோளாறுக் குறியீட்டைப் படியுங்கள். டார்க் சென்சார் என்று வந்தால் பல வண்டிகளில் முழு ஸ்டீயரிங் காலமாகத்தான் மாற்ற வேண்டியிருக்கும். மாற்றிய பிறகு ஸ்கேனரில் கேலிபரேஷன் செய்யாவிட்டால் ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கும். மோட்டார் பிரஷ் மட்டும் தேய்ந்திருந்தால் நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன் குறைந்த செலவில் முடித்துவிடுவார்.

வெள்ளத்தில் நின்ற வண்டிக்கு ஸ்டீயரிங்கில் என்ன பார்க்க வேண்டும்?

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளில் பலவற்றுக்கு இன்ஜினையும் சீட்டையும் பார்த்தார்கள், ரேக்கை மறந்துவிட்டார்கள். பூட்டில் சின்ன வெடிப்பு இருந்தால் போதும், தண்ணீர் உள்ளே நின்று ஷாஃப்ட்டைத் தின்னும். ஒழுகல் ஒரு வருடம் கழித்துத்தான் தெரியும். தண்ணீர் வடிந்ததும் இரண்டு பூட்டையும் ஒரு பக்கம் திறந்து, வடித்து, துடைத்து, கிரீஸ் தடவி மூடுங்கள். டப்பாவில் ஆயில் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. ஃப்ளஷ் செய்யாமல் ஓட்டாதீர்கள்.

பெல்ட் அறுந்துவிட்டது. வீடு வரை ஓட்டலாமா?

அந்த பெல்ட் பவர் ஸ்டீயரிங்குக்கு மட்டும் என்றால் மெதுவாக ஓட்டிக்கொண்டு போகலாம். ஸ்டீயரிங் வேலை செய்யும், பாரம் மட்டும் பல மடங்கு. அதே பெல்ட் ஆல்டர்னேட்டரையும் வாட்டர் பம்பையும் சுற்றும் வண்டி என்றால் உடனே நிறுத்துங்கள், இன்ஜின் சூடேறிவிடும். ஆயில் முழுக்கக் கொட்டிவிட்டால் வறண்ட பம்பை ஓட்ட வேண்டாம். தனி பெல்ட் என்றால் அதைக் கழற்றிவிட்டு ஓட்டுங்கள். "பெல்ட்டைக் கழட்டிட்டே ஓட்டலாம், செலவு மிச்சம்" என்ற யோசனையை நிரந்தரமாக வைத்துக்கொள்ளாதீர்கள். அவசரத்தில் ஒரு குழந்தை குறுக்கே வந்தால் அந்தப் பாரத்தோடு திருப்ப முடியாது.

பழைய கார் வாங்கப் போகிறேன். ஸ்டீயரிங்கை எப்படிச் சோதிப்பது?

இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். டப்பாவைத் திறந்து ஆயிலின் நிறத்தையும் வாடையையும் பாருங்கள். ஆயில் புத்தம் புதிதாக, அளவுக்கு மேல் நிரம்பியிருந்தால், நேற்றுதான் ஊற்றியிருக்கிறார்கள், எங்கோ ஒழுகுகிறது என்று எடுத்துக்கொண்டு பூட்டைப் பிழிந்து பாருங்கள். இன்ஜின் ஓட, சக்கரம் நேராக இருக்கும்போது ஸ்டீயரிங்கை லேசாக அசைத்துப் பாருங்கள். டயர் அசையாமல் ஸ்டீயரிங்கின் விளிம்பு மட்டும் 30 மில்லிமீட்டருக்கு மேல் ஆடினால் எங்கோ தேய்மானம் இருக்கிறது. ஐடிலிங்கில் நின்ற இடத்திலேயே முனைக்கு முனை திருப்பி, கூவலும் கீச்சும் கேட்கிறதா, இரண்டு பக்கமும் ஒரே பாரமா என்று பாருங்கள். கிரவுண்டு ஒன்றில் எட்டுப் போட்டு ஓட்டி, கையைத் தளர்த்தினால் ஸ்டீயரிங் நேராக வருகிறதா என்று கவனியுங்கள். இதில் ஏதாவது ஒன்று தவறினாலும் ரேக் ரீகண்டிஷன் செய்ய என்ன ஆகும் என்று ஸ்டீயரிங் வேலை பார்ப்பவரிடம் போனில் கேட்டுவிட்டு, அந்தத் தொகையை விலையில் குறைத்துப் பேசுங்கள்.